பார்க்க மட்டும்

என் அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஒரு பிசியோதெரபி மையத்தின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறாள். மேசைக்குப் பின்னால் அவளுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கும். நின்றபடியே போன் பேசுவாள், நின்றபடியே கணினியில் தட்டுவாள், மதியச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றபடியே முடிப்பாள். அங்குள்ள எட்டு பிசியோக்களும் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பம்பரம். வீட்டிலும் அப்படித்தான். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் அவள் வேறு ஏதோ அவசர வேலையில் இருந்தாள், அப்படியே நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

நான் அவளுக்குத் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். எங்கள் இருவருக்கும் மூத்தவர் அண்ணன், பேக்கரி வைத்திருக்கிறார். அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று முப்பது வருடம் எழுதிய மனிதர், குளியலறையில் ஒரு நொடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியபோது டாக்டர் மூன்று வேளைக்கு ஆள் வேண்டும் என்றார்: காலையில் குளிக்கும்போது, மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை நடைப்பயிற்சியின்போது, இரவு துணைக்கு. இன்னொரு தடவை விழக்கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

அப்பாவோடு இருப்பவள் அக்காதான். அவள் வேலை பார்க்கும் இடம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மூன்று வேளையும் ஓடி ஓடி வந்தாள். நானும் அண்ணனும் போகும்போதெல்லாம், "நீ பிடிக்கிற பிடியில அவரு தோளு கழண்டுடும், தள்ளு" என்று எங்களை ஒதுக்கிவிட்டு அவளே பிடிப்பாள். பிறகு யாரும் உதவுவதில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இதற்கு என்னதான் செய்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அண்ணனுக்கும் மின்னஞ்சல் வந்தது. அக்கா தன் மெயிலில் புதிதாக ஒரு காலண்டர் தொடங்கி, அதற்கு 'அப்பா' என்று பெயர் வைத்து, எங்கள் இருவரையும் அதில் சேர்த்திருந்தாள். திறந்தால் மாதம் முழுவதும் கட்டம் கட்டமாக விரிந்தது. ஒவ்வொரு நாளுக்குள்ளும் மூன்று வேளை. அவளுக்கு ஆரஞ்சு நிறம், எனக்குப் பச்சை, அண்ணனுக்கு நீலம். கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "அவரவருக்கு முடிந்த நாளை அவரவரே போட்டுக்கொள்ளவும். நான் யாரையும் கேட்க மாட்டேன்."

எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அன்றே ஒரு வியாழக்கிழமை மதியத்தைத் தொட்டு, பச்சையில் என் பெயரை எழுதப் போனேன். 'இந்தக் காலண்டரில் மாற்றம் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. மறுபடி தொட்டேன், மறுபடியும் அதே வரி.

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எனக்கும் அதேதான் வருது" என்றார். "நம்மள வேலைக்குக் கூப்பிடலடா. வேடிக்கை பாக்கக் கூப்பிட்டிருக்கா. அவ எவ்வளவு பண்றான்னு நாம தெனம் பாக்கணும், அவ்வளவுதான்."

"கேட்டுப் பாக்கலாமா?"

"நீ கேளு. எனக்கு அவகிட்ட வாங்கிக் கட்டிக்கத் தெம்பில்ல."

நானும் கேட்கவில்லை. ரோஷம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், வேலை நம் தலையில் விழவில்லை என்ற நிம்மதியும் அதில் பாதி இருந்தது. அந்தப் பாதியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் போனது. நாள் தவறாமல் ஆரஞ்சு நிறம் முளைத்தது. லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு எண்ணெய் போடும் இடைவெளியில்கூட போனை எடுத்துப் பார்ப்பேன். பார்த்தால் எரிச்சல் வரும், பார்க்காவிட்டால் இருப்புக் கொள்ளாது. ஒருநாள் ஒன்று கவனித்தேன். அடுத்த மாதம் பதினான்காம் தேதியிலிருந்து இருபத்தைந்து வரை பன்னிரண்டு நாட்கள் அக்காவின் ஆரஞ்சு இல்லை. அதற்கு முன்னும் பின்னும் இருந்தது, நடுவில் மட்டும் வெள்ளை. இன்னும் போடவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அப்பா போன் செய்தார். அவர் போனில் நலம் விசாரிக்கிற ஆள் இல்லை, நேராக விஷயத்துக்கு வருவார்.

"உங்க அக்கா மூணு நாளா தட்டைக் கையில வச்சிக்கிட்டு நடந்துக்கிட்டே சாப்பிடுறா. எனக்குத் தலை சுத்துது. வந்து என்னன்னு கேளு."

"அவ எப்பவுமே அப்படித்தானப்பா."

"இது வேற. மையத்துல புதுக் கிளை தொறக்குறாங்களாம். இவளையே மேலாளராப் போடுறாங்க. அதுக்கு வெளியூர்ல பன்னெண்டு நாள் பயிற்சி. வரேனா இல்லையான்னு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் முடியாதுன்னுட்டீங்களாமே."

"நாங்களா? எங்களை யாரு கேட்டது?"

"கட்டமெல்லாம் வெள்ளையாவே இருக்காம். அதுலயே பதில் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்றா."

கையிலிருந்த வேலையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சேரும்போது நான்கரை.

கூடத்தில் அப்பா வாக்கரோடு நடந்துகொண்டிருந்தார். அக்கா ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கியபடி சுற்று எண்ணிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மேசையைக் கடக்கும்போது அவள் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. திரையில் வெள்ளையாக அந்தப் பன்னிரண்டு நாட்கள்.

"வரமாட்டேன்னு மெயில் எழுதி வச்சிட்டேன்" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே. "அஞ்சு மணிக்குத் தானா போற மாதிரி நேரம் வச்சிருக்கேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"எதுக்கு நேரம் வச்சே? வேண்டாம்னா அப்பவே அனுப்பியிருக்கலாமே."

அவள் கண் மறுபடி திரைக்குப் போனது. கடைசி நிமிடம் வரை யாராவது ஒரு கட்டத்தையாவது நிரப்புவார்கள் என்று காத்திருக்கிறாள். அது புரிந்ததும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ரெண்டு வாரமா வீம்புக்குப் பேசாம இருந்தது எங்க தப்புதான். ஆனா நீ பண்ணது என்ன? கட்டத்தை நிரப்புன்னு சொல்லிட்டுப் பூட்டி வச்சா நாங்க எப்படி நிரப்புறது?"

"பூட்டினேனா? என்னடா உளர்றே?"

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு வெள்ளைக் கட்டத்தைத் தொட்டேன். அனுமதி இல்லை என்ற வரி வந்தது. அவள் படித்தாள். போனை வாங்கி அவளே ஒரு தடவை தொட்டாள். பிறகு அப்பாவின் முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் நிக்கணுமா, நடக்கணுமா?" என்றார் அப்பா.

பிறகு அவரே நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

அக்கா மடிக்கணினியில் காலண்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே 'பார்க்க மட்டும்' என்று இருந்தது. சேர்க்கும்போது யார் என்ன செய்யலாம் என்று அது கேட்டிருக்கிறது. இவள் கை தானாக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மையத்தின் காலண்டரில் எட்டு பிசியோக்களுக்கும் அவள் கொடுத்திருப்பது அதுதான். முன்பொரு தடவை அவர்களில் ஒருவர் ஒரு நோயாளியைத் தெரியாமல் வேறு நாளுக்கு இழுத்துப் போட, ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்று ஊர் கூடிவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் பார்க்கலாம், தொடுவது இவள் மட்டும். அதே கையோடு வீட்டுக்கு வந்து அண்ணன் தம்பியையும் அப்படியே சேர்த்துவிட்டாள்.

"ஆபீஸ் பழக்கம்டா" என்றாள். எங்கள் பெயர்களை மறுபடி படித்துவிட்டு, "ஆபீஸ் பழக்கம் மட்டும் இல்ல" என்றாள்.

இரண்டு பெயருக்கும் 'மாற்றலாம்' என்று போட்டாள். மணி நாலு நாற்பத்தாறு. அண்ணனுக்குப் போன் செய்தேன். கடையில் சாயங்காலக் கூட்டம், ரொட்டி வெட்டும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, "புதன்கிழமை மதியம் மாவு மில்லுக்குப் போவேன். மத்த மதியமெல்லாம் எனக்குப் போடு. இல்ல, இரு, நானே போடுறேன்" என்றார்.

திரையில் நீலம் ஒவ்வொன்றாக முளைத்தது. காலையும் இரவும் இரண்டு புதன்கிழமை மதியமும் நான் பச்சையாக்கினேன். பதினான்கு தொடங்கி இருபத்தைந்து வரை வெள்ளை என்று ஒரு கட்டமும் மிஞ்சவில்லை. நாலு ஐம்பத்தாறு.

"இப்ப அந்த மெயிலை நிறுத்து" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். "காலைல வெந்நீர் ரொம்பச் சூடா இருந்தா அவரு சொல்ல மாட்டாரு. தாங்கிக்குவாரு. உனக்கு அது தெரியாது. நீ தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டே."

"எழுந்திரிப்பேன்க்கா."

"மாத்திரை..."

"நாலு அம்பத்தெட்டு" என்றார் அப்பா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. "வண்டி கிளம்பிட்டா அப்புறம் ஓடிப் பிடிக்க முடியாதும்மா."

அக்கா நடந்து வந்த வேகத்திலேயே குனிந்து மெயிலை ரத்து செய்தாள். பிறகு, 'வருகிறேன்' என்று ஒரே சொல்லை எழுதி அனுப்பினாள். உடனே சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

பதின்மூன்றாம் தேதி பஸ் நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பெட்டியை மூன்று தடவை திறந்து மூடினாள். வண்டி புறப்படும் நேரத்தில் தன் போனில் எதையோ மாற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"காலண்டரை உன் பேருக்கு மாத்தியிருக்கேன். இப்ப என்னைப் பாக்க மட்டும்னு போட்டுடு."

"எதுக்குக்கா?"

"போடுடா. இல்லன்னா அங்க உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு கட்டத்தையும் நோண்டிக்கிட்டே இருப்பேன்."

போட்டேன்.

முதல் நாள் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுக் காலண்டரைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பேரு 'அப்பா'. இதுல அப்பா எங்க?" என்றார்.

சிரித்துக்கொண்டே அவரையும் சேர்த்து, மாற்றலாம் என்று உரிமை கொடுத்து, பழுப்பு நிறம் வைத்தேன். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு எனக்கு அவசர அழைப்பு. பன்னிரண்டு மாடிக் கட்டடம், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நான்கு பேர். அண்ணன் மில்லில் இருந்தார், திரும்ப ஐந்தாகும். அங்கே போய்ப் பார்த்ததும் சீக்கிரம் முடியாது என்று தெரிந்தது. வேறு வழியின்றி மூன்று மணிக் கட்டத்திலிருந்து என் பெயரை எடுத்தேன். நடக்க வேண்டாம், நாற்காலியிலேயே இருங்கள் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். "ம்" என்றார்.

இரண்டு நிமிடம் ஆகவில்லை, அக்கா கூப்பிட்டாள்.

"மூணு மணி வெள்ளையா இருக்கு. என்னால போட முடியல."

"நீதானக்கா பாக்க மட்டும்னு போடச் சொன்னே."

"அது இருக்கட்டும். யாரு போறா?"

அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு திரையிலும் அந்தக் கட்டம் பழுப்பாக மாறியது. உள்ளே எழுதியிருந்தது: '3.00 முதல் 5.00 வரை. நானே.'

"அழிச்சிடு அதை" என்றாள். "விழுந்துடுவாருடா. உன்னால அழிக்க முடியும். அழி."

விரல் அந்தக் கட்டத்தின் மேல்தான் இருந்தது. அழிக்கவா என்றுகூடப் போன் கேட்டுவிட்டது. கீழே நான்கு பேர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அழித்தால் அவர் நடக்காமல் இருந்துவிடுவாரா என்ன. வேண்டாம் என்பதைத் தொட்டேன்.

"அழிக்கலக்கா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்த இரண்டு மணி நேரம் நான் பட்ட பாட்டை என்னால் சொல்ல முடியாது. கை லிஃப்டில் இருந்தது, நினைப்பு முழுவதும் அந்தக் கூடத்தில் இருந்தது. நான்கு பேரையும் வெளியே எடுத்தபோது நன்றி சொன்னார்கள், நான் காதில் வாங்காமல் போனைத் தேடினேன். ஐந்து மணி ஆனது. ஒன்றுமில்லை. பிறகு பழுப்புக் கட்டத்துக்குள் ஒரு வரி வந்தது: 'முடிந்தது. பத்துச் சுற்று. 5.02. இரண்டு நிமிடம் தாமதம்.'

அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"வகுப்புல இருந்தியா? ரெண்டு மணி நேரம் என்னக்கா பண்ணினே?"

"வராந்தாவுக்கு வந்துட்டேன்" என்றாள். "அங்க ஒரு பெஞ்சு இருந்துச்சு. நடக்கலாம்னு பாத்தேன், கால்ல தெம்பில்லடா. உக்காந்துட்டேன்."