நாற்பதாம் நாள் பூந்தமல்லிக்கு நடந்தது

காலை 5.55. அம்பத்தூர் ஓ.டி.

குருத்து ஞாயிறு. ஐந்து மணிப் பூசை முடிந்து கோயில் வாசலில் இருபத்தேழு பேர் நின்றோம். கையில் மந்திரித்த குருத்தோலை. பாதிப்பேர் காலில் செருப்பில்லை. மீதிப்பேர் என்னைப்போலச் செருப்பைக் கழற்றத் துணியாதவர்கள். பூந்தமல்லியில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பதினொரு மணிக்கு அங்கே சிலுவைப்பாதை. இடையில் பதினாறு கிலோமீட்டர் என்று சொன்னார்கள். எங்கள் பங்கில் வருஷாவருஷம் நடக்கிற நடைதான். எனக்கு இது முதல் தடவை.

நான் ஏன் நடக்கிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு குடியை நிறுத்தினேன். தவக்காலம் நாற்பது நாள். இதற்கு முன்னும் மூன்று வருடம் நிறுத்தியவன்தான். முதல் வருடம் ஒன்பதாம் நாள் விழுந்தேன். அடுத்த வருடம் இருபத்திரண்டாம் நாள். மூன்றாம் வருடம் நெற்றிச் சாம்பல் உதிர்வதற்குள். இந்த வருடம் நிறுத்தப்போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி ஸ்டெல்லா "சரி" என்றாள். அந்தச் சரியில் இனிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. ஆறிப்போன கஞ்சி மாதிரி இருந்தது.

என்னோடு இந்த முறை மைக்கேலும் சேர்ந்துகொண்டான். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன், இருபது வருட நண்பன், குடித்த இடங்களிலெல்லாம் பக்கத்து நாற்காலி. தினம் ஒரு தேதியாகக் காலண்டரில் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான். இன்று நாற்பது. முடிந்த பிறகு என்ன என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது? முடியப்போகிறது என்ற நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தொங்கினோம்.

6.50. திருமுல்லைவாயில்.

சி.டி.எச். சாலையில் வெயில் எங்களுக்கு முன்பே எழுந்து வேலைக்கு வந்திருந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டு வரிசை நகர்ந்தது. லாரி ஒன்று கடக்கும்போதெல்லாம் "அருள் நிறைந்த" என்பது வரை கேட்கும், "மரியே" புகையில் போய்விடும். சிவன் கோயிலுக்குத் திரும்பும் முனையில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். கடைக்காரர் இந்த ஊர்ப் பழைய குடும்பம். பாட்டன் நிலம் முழுக்க இப்போது அடுக்குமாடி என்று கையை வீசிக் காட்டினார். எங்கள் ஓலைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா நைனா, வெரதமா?"

"ஆமா. நாப்பது நாளு. இன்னிக்கோட சரி," என்றான் மைக்கேல், நெஞ்சை நிமிர்த்தி.

"நாப்பதுதானா? சலீசா முடிச்சிகினீங்க. எங்களுக்கு நாப்பத்தெட்டு. சாமிக்கு மால போட்டா வாயத் தொறக்க முடியாது. பீடி கூடக் கெடையாது."

"கழட்டுனதுக்கு அப்புறம்?"

அவர் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "கழட்டி ஆணில மாட்டுனேன். மால ஆடி நிக்கறதுக்குள்ள நான் பிராந்திக் கடையில நிக்கறேன். மறைக்கிறதுக்கு இன்னா கீது?"

நாங்களும் சிரித்தோம். மைக்கேல் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

8.20. ஆவடி.

கால் கொப்புளம் இங்கேதான் ஆரம்பித்தது. இடது குதிகாலில். நேரே போனால் சேக்காடு, மைக்கேலின் வீடு. இடது பக்கம் திரும்பினால் பூந்தமல்லி சாலை. "இப்புடியே நேரா போயி ஊட்ல படுத்துடலாமா மாமே?" என்றான். ஆனாலும் கூட்டத்தோடு இடது பக்கம்தான் திரும்பினான்.

திருப்பத்தில் தண்ணீர் வண்டி காத்திருந்தது. வண்டி என்றால் லோடு ஆட்டோ. பின்னால் ஆறு தண்ணீர் கேன், ஒரு அண்டா மோர். ஓட்டுவது சகாயமேரி. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள், வார நாட்களில் இதே ஆட்டோவில் காய்கறி ஏற்றுகிறவள். மைக்கேல் மோர் டம்ளரை ஏந்திக்கொண்டு அவளிடமும் பெருமை அடித்தான்.

"சகாயம், இன்னிக்கோட எங்களுக்கு நாப்பது முடியுது, தெரிமா?"

"எப்புடிண்ணே முடியும்? ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் கீதே."

"பெரிய வாரம் தனிம்மா. புதன்கெழமலர்ந்து எண்ணிப் பாரு. காலண்டர்ல அடிச்சி வெச்சிகிறேன்."

"ஞாயித்துக்கெழமையெல்லாம் சேத்து எண்ணிகினியா?"

"பின்ன? ஞாயித்துக்கெழம ஒரு நாளு இல்லியா?"

"அது ஆண்டவர் உயிர்த்த நாளுண்ணே. அன்னிக்குத் தவம் கெடையாது. நாப்பதுல ஞாயிறு வராது. எங்க பசங்களக் கேளு, மூணாங்கிளாஸ் புள்ள சொல்லும். உனக்கு இப்ப முப்பத்தினாலுதான் ஆயிகீது. நாளைலர்ந்து சனிக்கெழம வரைக்கும் எண்ணு. ஆறு."

சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றப் போய்விட்டாள். மைக்கேல் டம்ளரைப் பிடித்தபடி நின்றான். ஆறு நாள். நாற்பது நாளைச் சுமந்து வந்தவனுக்கு ஆறு என்ன பெரிய சுமை என்று கேட்பவர்கள், மூட்டை இறக்கும் இடம் வந்துவிட்டது என்று தோளைத் தளர்த்திய பிறகு மறுபடி தூக்கிப் பார்த்ததில்லை.

9.40. பருத்திப்பட்டு.

ஏரிக்கரையில் நடைபயிற்சிக்காரர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நிற்கிற தண்ணீரைப் பார்த்தாலே தாகம் எடுக்கும் வயது எனக்கு. இளநீர் ஐம்பது ரூபாய் என்றான் சைக்கிள்காரன், ஆளுக்கொன்று குடித்தோம். இத்தனை நாள் நாக்கு எதைக் கேட்கிறதோ அதைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்து ஏமாற்றியிருக்கிறேன். எலுமிச்சை, சோடா, பானகம். நாக்கு ஏமாறுகிற மாதிரி நடிக்கும். மாலை ஆறு மணிக்கு நடிப்பை நிறுத்திவிடும்.

மைக்கேல் மெல்ல ஆரம்பித்தான்.

"மாமே. ஞாயிறு கணக்குல இல்லன்னுதானே சொல்லுச்சு அது?"

"ஆமா."

"இன்னிக்கு ஞாயிறு."

எந்தச் சட்டம் எங்கள் தலையில் ஆறு நாளை ஏற்றியதோ, அதே சட்டம் இன்றைக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருந்தது. தவத்தில் சேராத நாளில் குடித்தால் தவம் எப்படி முறியும்? பாவமே இல்லாத ஒரு சோதனையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். வேதாகமத்தோடு வந்து நின்றது.

10.25. காடுவெட்டி.

கூவத்தைப் பாலத்தின் மேல் கடந்தோம். கோரைப்புல், நடுவே கொஞ்சம் தண்ணீர், ஒற்றைக் கொக்கு. பட்டணத்துக்குள் போய்த் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் அந்தத் தண்ணீர் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். என் மனதோ பூந்தமல்லியில் மதுக்கடை எந்தப் பக்கம் இருக்கும் என்று துழாவிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குத் திறப்பார்கள். சிலுவைப்பாதை பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும்.

11.10. பூந்தமல்லி.

பயணக் கட்டுரை எழுதுகிறவன் இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஊர், பேருந்து நிலையம், மேம்பாலத் தூண்கள், பூக்கடைகள். கோயில் ஒரு சந்துக்குள், தகரக் கூரை, நான்கு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது. சிலுவைப்பாதைக்குப் பதினான்கு தலங்கள், ஆண்டவர் சிலுவை சுமந்த வழியில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சுவரில் ஒரு படம். ஒவ்வொரு தலத்துக்கும் முழங்காலிட்டு எழ வேண்டும். மூன்றாம் தலத்தில் ஆண்டவர் முதல் முறை விழுகிறார், ஏழில் இரண்டாம் முறை, ஒன்பதில் மூன்றாம் முறை. ஒன்பதில் நானும் எழத் திணறினேன். பக்கத்திலிருந்த பெண்மணி முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அப்போதும் நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். பதினொன்று நாற்பத்தெட்டு.

12.05.

கடையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் போகிற திசையில் போனோம். வரிசையில் பதினைந்து பேர். மைக்கேல் பூட்டிக் கிடந்த இரும்புக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவன் வெறுங்காலில் நடந்து வந்தவன்.

"நீ போயி வாங்கு மாமே. என்னால நிக்க முடியல."

நான் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஆள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, கோயில்லர்ந்து நேரா இங்கியா? ஓலையோட வந்தா ரேட்டு கொறச்சுக் குடுக்கறானா?"

அப்போதுதான் பார்த்தேன், ஓலை இன்னும் கையிலேயே இருந்தது. மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வரிசை நகர்ந்தது. பத்துப் பேர். ஆறு பேர். எனக்குப் பயமும் இல்லை, ஆசைகூட அவ்வளவு இல்லை. உட்கார வேண்டும், எதையாவது இறக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் விழுந்ததெல்லாம் இப்படித்தான். ஆசையில் விழுந்ததைவிட அசதியில் விழுந்ததே அதிகம்.

"மாமே!" மைக்கேல் படியிலிருந்தே கூப்பிட்டான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். "இதுக்கு முன்ன அஞ்சு ஞாயிறு போச்சு இல்ல?"

"ஆமா."

"அந்த அஞ்சு நாளும் குடிச்சிருக்கலாம்."

"குடிச்சிருக்கலாம். தெரியல நமக்கு."

"தெரியாமயோ தெரிஞ்சோ, குடிக்கல இல்ல? யாரும் கேக்காம குடுத்தோம் மாமே. மீதி முப்பத்தினாலும் கடனேன்னு கழிச்சது. அந்த அஞ்சுதான் சும்மா குடுத்தது."

"அதுக்கு இன்னாடா இப்ப?" என்றேன். எரிச்சலாக இருந்தது. எனக்கு முன்னால் இரண்டே பேர்.

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு ஆறாவது ஞாயிறு. இத தெரிஞ்சே குடுத்தா எப்புடிருக்கும்னு நெனச்சேன். நீ வாங்கினு வந்தா நானும் குடிப்பேன், பொய் சொல்ல மாட்டேன். சும்மா தோணுச்சு, சொன்னேன்."

முன்னால் நின்ற இருவரும் வாங்கிக்கொண்டு விலகினார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு கை நீண்டு விரல்களை அசைத்தது. சீக்கிரம் சொல்லு.

நான் வரிசையிலிருந்து விலகினேன். எந்த ஒளியும் தெரியவில்லை. எந்தக் குரலும் கேட்கவில்லை. நான் நின்ற இடம் ஒரு நொடிகூடக் காலியாக இருக்கவில்லை, பின்னால் இருந்தவன் நிரப்பிவிட்டான். படியில் போய் மைக்கேல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஒரு பெருமூச்சு விட்டான். எங்களில் யாருக்கு ஏமாற்றம் அதிகம் என்று சொல்ல முடியாது.

"பசிக்கிது மாமே," என்றான்.

12.50. திரும்புதல்.

இரண்டு பொங்கல், இரண்டு வடை, நூற்று இருபது ரூபாய். ஆவடிக்குப் பேருந்து. மைக்கேல் ஏறியதும் தூங்கிவிட்டான், தலை என் தோளில். பாலம் வந்தது, போனது. கொக்கைத் தேடுவதற்குள் ஏரி வந்துவிட்டது. காலையில் மூன்று மணி நேரம் என் குதிகாலைத் தின்ற சாலையைப் பேருந்து முப்பது நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஆவடியில் எங்களைத் துப்பியது. மைக்கேல் சேக்காட்டுக்கு ஷேர் ஆட்டோ பிடித்தான். நான் அம்பத்தூருக்கு ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய்.

வீட்டில் ஸ்டெல்லா சோறு போட்டாள். நாற்பது முடிந்தது என்று தெரிந்தவள்போல என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

"இன்னும் ஆறு நாள் இருக்கு," என்றேன். "ஞாயித்துக்கிழமை கணக்குல வராதாம்."

கரண்டி நின்றது. "எனக்குத் தெரியுமே."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"எதைச் சொல்ல? ஞாயித்துக்கிழமை குடிக்கலாம்னா?"

சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்து போகவில்லை. பூந்தமல்லியிலிருந்து திரும்பப் பேருந்து இருக்கிறது, ரயில் இருக்கிறது. திங்களிலிருந்து சனிக்குப் போக அப்படி எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாலையையும் இந்தக் காலாலேயே நடந்து கடக்க வேண்டும். கை கழுவிவிட்டு வந்து, குதிகால் கொப்புளத்துக்கு மஞ்சள் குழைத்த கிண்ணத்தோடு உட்கார்ந்து காலை நீட்டினேன். ஸ்டெல்லா கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.