சீனத்தில் வெறுங்காலோடு நின்ற நேசன் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நேசன் அண்ணையின் மகள் துளசி அழைத்தாள்.

"அண்ணா, அப்பா இல்லை. விடிய ஹார்ட் அட்டாக்."

"சரி" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது, நினைத்தால் கூசுகிறது. அவளே தொடர்ந்தாள். "மலர்ச்சாலையிலை பெட்டிக்குப் பக்கத்திலை வைக்க அப்பா சிரிக்கிற படம் ஒண்டு வேணும். வீட்டிலை இருக்கிறதெல்லாம் பாஸ்போர்ட் படம் மாதிரி. நீங்கள் ரெண்டு பேரும் சைனா போனனீங்கள்தானே, அங்கை ஏதும் எடுத்தனீங்களோ?"

எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதை அவரைத் தெரிந்த எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலர் அவரைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். மொன்ட்ரியால்-நோரில் யார் வீட்டில் ஹீட்டர் நின்றாலும் கருவிப்பெட்டியோடு போய் நின்றவராகவும் தெரிந்திருக்கும். எனக்கு அவர் கூட வேலை செய்தவர். மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கும் இயந்திரங்களை அவர் பொருத்துவார். அவற்றை ஓட்டும் மென்பொருளை நான் எழுதுவேன். அவர் யாழ்ப்பாணம், நான் கோயம்புத்தூர். முதல் மாதமே சண்டை. நான் ஸ்டார்ட் பொத்தானில் கை வைப்பேன்; அவர் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டார். "அவசரமெண்டால் நீ போ தம்பி, நான் பேந்து வாறன்" என்பார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

போன மார்ச்சில் ஓர் இயந்திரத்தைச் சோதித்து வாங்க இருவரையும் சீனாவுக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தொழிற்சாலைக்காரர்கள் சொன்னார்கள் என்று, வாய்க்கால் ஓடும் ஒரு பழைய ஊருக்குப் பஸ்ஸில் போனோம். இறங்கியதுமே தெரு திரும்பிப் பார்த்தது. அவர் ஆறடி, நல்ல கறுப்பு, வெள்ளை மீசை. ஒரு பெண் ஃபோனைக் காட்டி, கூட நின்று படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டாள். அண்ணை நின்றார். அடுத்து ஒரு குடும்பம். பிறகு வரிசையே கட்டிவிட்டார்கள். கைகளை முன்னால் கோத்து, நாடியைச் சற்று உயர்த்துவார். முதலில் ஒரு பக்க உதடு விரியும், அப்புறம் முகம் முழுக்கச் சிரிப்பு. நாலு வருடம் கூட வேலை செய்தும் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"அண்ணே, வாங்க. நாம என்ன ஜூல இருக்கோமா?"

"பாக்கட்டும் விடு. பாத்தால் தேஞ்சு போவமோ?"

அந்த ஊர்க் கோயிலுக்கு வந்தோம். கோயில் என்றதும் இருவருக்கும் யோசனையே இல்லை. ஷூவையும் காலுறையையும் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு உள்ளே போனோம். மற்றவர்கள் எல்லாம் ஷூவோடு நடந்தது கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. கல்தரை பனிக்கட்டி. திரும்பி வந்தால் ஷூக்கள் இல்லை. யாரோ வீசிவிட்டுப் போனவை என்று நினைத்துத் துப்புரவுப் பெண் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாசலில் வெறுங்காலோடு நாங்கள் இருவர், சுற்றிலும் ஃபோன் பிடித்த கூட்டம். அண்ணை காலைத் தூக்கிக் காட்டினார், ஷூவைக் கழற்றுவதுபோல் நடித்தார், கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு இல்லாத ஷூவைத் தேடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புரிந்துகொண்ட ஒருவர் வண்டியைத் துரத்தி ஓடினார். அண்ணை சிரித்தபடியே தன் ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இப்ப ஒரு படம் எடு. வீட்டிலை காட்டுவம்."

"வெக்கமா இல்லையா உங்களுக்கு? கோமாளி மாதிரி ஆடிட்டிருக்கீங்க!" என்று கத்தினேன். ஃபோனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கேட்கவேயில்லை.

ஷூ கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில் அண்ணை ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "சண்டை நேரம் கொழும்பிலை ரெண்டு வருசம் லொட்ஜிலை இருந்தனான். ரோட்டிலை ஒருத்தன் திரும்பிப் பாத்தால், அடுத்தது அடையாள அட்டை கேப்பான். அதுக்கு அடுத்தது என்னெண்டு தெரியாது. இண்டைக்கு எத்தினை சனம் பாத்தது! ஒருத்தரும் அட்டை கேக்கேல்லை. அந்தப் புளுகம்தான் தம்பி, வேறை ஒண்டுமில்லை."

புளுகம் என்றால் அவர்கள் ஊரில் சந்தோஷம். அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்" என்றேன்.

மலர்ச்சாலையில், பெட்டிக்குப் பக்கத்தில் அந்த விறைத்த படம்தான் இருந்தது. துளசியிடம் உள்ளதைச் சொன்னேன். படம் இல்லை, அவர் கேட்டார், நான் எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பு பெயர் தெரியாத எத்தனையோ பேருடைய ஃபோன்களில் இருக்கிறது. இனி யாரைப் போய்க் கேட்பது?

அவள் அந்த விறைத்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எப்பிடி நிண்டவர்?" என்றாள்.

மண்டபம் நிறைய ஆட்கள். கைகளை முன்னால் கோத்தேன். நாடியை உயர்த்தினேன். ஒரு பக்க உதடு, அப்புறம் மறுபக்கம்.

"அப்பா இப்பிடிச் சிரிச்சவரோ?"

"ஆமா."

"அம்மா, இஞ்சை வாங்கோ. அண்ணா, இன்னொருக்கா செய்யுங்கோ."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செய்தேன்.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்த நிற்பும் அந்தச் சிரிப்பும்தான். அச்செடுத்துக் கொடுக்க முடியாது. பார்க்க வேண்டும் என்பவர்கள் வாருங்கள். எத்தனை முறை கேட்டாலும் நிற்கிறேன்.