கொட்டகை நாடகமும் பிறந்த வீட்டுக் கோடியும்

1958 ஜனவரி 18, சனிக்கிழமை. மன்னவனூர். விடியுமுன் எழுந்தேன். புல்லெல்லாம் உறைபனி. பூண்டுப் பாத்திக்குப் போய்த் தாள் கருகியிருக்கிறதா என்று பார்த்தேன். தெற்கு ஓரத்தில் மட்டும் கருகியிருந்தது. மாட்டைக் கறந்து, வெந்நீரில் குளித்து, கேப்பைக் கூழ் குடித்தேன். வெயில் ஏறியதும் உருளைக்கிழங்குக் கொட்டகைக்குப் போனேன். அன்று எங்கள் நாடகம். தை மாதக் குளிரில் இரவு யாரும் வெளியே உட்கார முடியாது என்பதால் எங்கள் ஊரில் நாடகம் பகலில்தான்.

நாடகம் சொல்லித் தந்தவர் பழனிக்காரர். எந்தக் கம்பெனியிலும் சேராதவர். கிழங்கு வெட்டு முடிந்ததும் மலையேறி வந்து, ஏதாவது ஓர் ஊரில் வகுப்பு நடத்தி, நாடகத்தை அரங்கேற்றிவிட்டு இறங்குவார். அந்த வருஷம் எங்கள் ஊரில் எட்டுப் பேர் சேர்ந்தோம். எல்லாரும் குடும்பஸ்தர்கள்.

அவர் வகுப்பில் புத்தகம் கிடையாது. ஒவ்வொருவரையும் தனியாகக் கொட்டகைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயால் சொல்லி வாயால் திருப்பி வாங்குவார். மற்றவர்கள் வேலிக்கு அப்பால் நிற்க வேண்டும். ஒருவன் பாடம் இன்னொருவன் காதில் விழக் கூடாது. விழுந்தால் அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடாமலே நாங்கள் நாடகம் போட்டுவிடுவோம் என்ற பயம். அதனால் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கிடையாது.

எனக்குப் பபூன் வேஷம். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை மேடையில் நிற்க வேண்டியவன்.

"சிரிக்காத மூஞ்சிதாங்க பபூனுக்குப் பொருத்தம். நீங்க சிரிச்சு உங்க வீட்டு மாடுகூடப் பார்த்திருக்காது" என்றார் வாத்தியார்.

வகுப்புக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கையில் காப்புக் கட்டிய நாளிலிருந்து அரங்கேற்றம் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எனக்கு உடன்பிறந்தவள் ஓர் அக்கா மட்டும். கிளாவரையில் வாக்கப்பட்டவள். மார்கழியில் நெஞ்சுச்சளி கண்டு படுத்துவிட்டாள் என்று தகவல் வந்தது. வாத்தியாரிடம் போய்க் கேட்டேன்.

"காலையில வெள்ளனே போயி ஒரு நாள்ல திரும்பிர்றேங்க."

"தாராளமாப் போங்க. காப்பை அவுத்து வச்சிட்டுப் போங்க. அதோட நாடகத்தையும் அவுத்து வச்சிருவோம்."

பக்கத்தில் ஊர்த் தலைவர் இருந்தார். பூம்பாறை, கவுஞ்சி ஆட்களுக்கெல்லாம் அவர் பாக்கு வைத்து அழைத்துவிட்டார். "சளிதானப்பா. சுக்குத் தண்ணி குடிச்சாப் போயிரும். நீ போய்ப் பாடத்தைப் பாரு" என்றார். பிறகு இன்னொரு முறையும் கேட்டேன். அதே பதில்தான்.

அந்தச் சனிக்கிழமை விடியும் முன்பே அக்கா இறந்துவிட்டாள். அவள் கொழுந்தன், இருபது வயதுப் பையன், சேதி சொல்ல நடந்தே வந்தான். அவன் ஊருக்குள் நுழைந்தபோது நாடகம் தொடங்கி ஒரு பாட்டு முடிந்திருந்தது. தலைவரும் வாத்தியாரும் கொட்டகைக்குப் பின்னால் அவனை மறித்துப் பேசியிருக்கிறார்கள். "மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும் தம்பி. குதிரை வச்சு வெரசா அனுப்பிவைக்கிறோம். அதுவரைக்கும் வாயைத் தெறக்காதே." இட்லி கொடுத்து, முன் வரிசையில், தலைவருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். இதெல்லாம் அவன் எனக்குப் பிற்பாடு சொன்னது.

எங்கள் பக்கம், கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். கிளாவரையில் அவளைக் கிடத்திவைத்துக்கொண்டு வழியைப் பார்த்திருந்தார்கள். தலைவருக்கும் இது தெரியும். தன் தங்கைக்கு அவரே கோடி போட்டவர்.

மேடையிலிருந்து அவனைப் பார்த்தேன். நாடகம் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அக்காவுக்குத் தேவலை போலிருக்கிறது, இல்லாவிட்டால் இவனை விடுவாளா என்றும் நினைத்தேன். வந்தவர்களை வம்புக்கு இழுப்பது பபூன் வேலை.

"அடடே, கிளாவரை மாப்ள! எங்க அக்கா சோத்துல உப்புக் கொறஞ்சு போச்சா? இட்லிக்கு இம்புட்டுத் தூரம் வந்து கெடக்கீங்க?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"பாருங்கய்யா, வெக்கத்தை! பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல இருக்கு!"

கூட்டம் சிரித்து உருண்டது. பூம்பாறைக்காரர் ஒருவர், "இன்னொருக்க, இன்னொருக்க" என்று கத்தினார். வாத்தியார் ஆர்மோனியத்தில் அதே பாட்டை மறுபடி எடுத்தார். நானும் அதே கேலியை மறுபடி சொன்னேன். தலைவர் சிரித்தார். அவர் வாயைத் திறந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

மத்தியானம் முடிய வேண்டியது, கூட்டம் கேட்கக் கேட்க நீண்டு, வெயில் மேற்கே சாய்ந்த பிறகுதான் முடிந்தது. வாத்தியார் கொட்டகைக்குள் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குத்தான் நீங்க பபூன். நெசமாச் சொல்றேன்." அதே மூச்சில், "உங்க அக்கா தவறிப்போச்சுங்க" என்றார்.

"எப்ப?"

"காலையிலங்க. உங்ககிட்டச் சொல்லியிருந்தா நாடகம் என்னத்துக்கு ஆகும்? கலைஞனுக்கு மேடைதாங்க முதல்ல."

நான் கலைஞன் இல்லை. பூண்டு போடுகிறவன். ஒரு வேஷத்தை இரண்டு பேருக்குச் சொல்லித்தர மனம் வராத ஓர் ஆளின் பயத்துக்காக என் அக்கா பகல் முழுக்கக் காத்துக் கிடந்தாள். இதற்குக் கலை என்று அவர் பெயர் வைத்தார்.

தலைவர் சொன்ன குதிரைகள் காலையிலேயே மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தன. பொங்கல் சீருக்கென்று அக்காவுக்கு வாங்கி, எல்லை தாண்ட முடியாமல் பெட்டியிலேயே இருந்த சேலையை எடுத்துக்கொண்டு, கொழுந்தனோடு நடந்தேன். வழியெல்லாம் அவன், "நான் சொல்லியிருக்கணும் மாமா, அவங்க என்னை விடலை" என்றே சொல்லிக்கொண்டு வந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபத்தை வேறு இரண்டு பேருக்கு வைத்திருந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் அண்ணன் முறையில் நின்று கோடி போட்டாராம். அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாடகம் முடிஞ்சுதா, மச்சான்?"

நான் நீட்டிய சேலையை அவர் வாங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக, யாரையும் எழுப்பாமல் இடுகாட்டுக்குப் போய், அந்தச் சேலையை மண்மேட்டின் மேல் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தேன்.