ஒரே சரிவில் இரண்டு வீடு

போடியில் அன்றைக்கு நல்ல வெயில். ஆடி மாதத்துக் காற்று மட்டும் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் பொறுக்கும் ஸ்டோரில் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து பச்சைக் காயையும் வெளிறிய காயையும் பிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. மேலே கேரளத்து மலையிலிருந்து சேச்சி பேசினாள். சேச்சி என்றால் எங்கள் அம்மா குடியிருந்த லயத்துக்கு, அதாவது எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீட்டுக்கு, மேலே, அதே சரிவில் வீடும் ஏலத்தோட்டமும் வைத்திருக்கிற மலையாளத்துக்காரி.

"எடி, இங்க ஒரே மழை. மண்ணு இடியும்னு மைக்கு வச்சுச் சொல்லிட்டுப் போறாங்க. நாங்க எறங்குறோம். உன் அம்மை வர மாட்டேங்குது. ஜீப்புல எடம் இருக்கு, வான்னு விளிச்சாச்சு. சோலி கெடக்குங்குது. நீ வேகம் வா."

அம்மாவுக்கு என்ன சோலி என்று எனக்குத் தெரியும். ஒரு சோலியும் கிடையாது. அந்த அறையில் உட்கார்ந்திருப்பதுதான் அவளுடைய சோலி.

மலையை அறியாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எஸ்டேட் லயத்தில் அறை நமக்குச் சொந்தமில்லை. வேலையில் இருக்கிறவரைக்கும் இருக்கலாம். வேலையை விட்டு நின்ற பிறகு அறையையும் விடவேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அடுப்பு எரிகிற வீட்டுக்குள் நுழைந்து பாத்திரத்தைத் தூக்கி வெளியே வைக்க எந்தச் சூப்பர்வைசருக்கும் மனசு வராது. பூட்டிக் கிடக்கிற வீடு என்றால் வந்துவிடும். அதனால் எங்கள் அம்மா மாதிரி வயதாகி வேலையை விட்டு நின்ற பெண்கள் யாரும் வீட்டைப் பூட்டுவதே இல்லை. கல்யாணம், கருமாதி என்று கீழே இறங்கினாலும் பக்கத்து அறைக்காரியிடம் சொல்லி, கூரைக்கு மேல் புகை தெரிகிற மாதிரி அடுப்பை மூட்டிவைக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். என் கல்யாணத்துக்கு வந்த அம்மா தாலி கட்டி முடிந்ததும் இலையில்கூட உட்காராமல் மத்தியான ஜீப்பைப் பிடித்துவிட்டாள். என் மாமியார் அதை இன்னும் சொல்லிக்காட்டுவார்.

எங்கள் தாத்தா போடிப் பக்கம் ராசிங்காபுரத்திலிருந்து மழை பொய்த்த ஒரு வருசம் பிழைப்புக்காக மலையேறியவர். சேச்சியின் மாமனாரும் ஏறக்குறைய அதே காலத்தில், மேற்கே கோட்டயம் பக்கத்திலிருந்து, தலையில் கப்பைக்கிழங்கு மூட்டையோடு ஏறியவர்தான். இரண்டு பேருக்கும் அது வந்தேறிய மண். இரண்டு பேரும் அட்டைக்கடி பட்டார்கள், குளிர்காய்ச்சலில் கிடந்தார்கள், யானைக்குப் பயந்து தகரம் தட்டினார்கள். ஒரே ஒரு வித்தியாசம். அவர் காட்டைத் திருத்தித் தனக்கென்று வேலி போட்டார். எங்கள் தாத்தா அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்கு நின்றார். பிறகு வேலி போட்டவருக்கு நிலம் சொந்தம் என்று பட்டயம் கிடைத்தது. கூலிக்கு நின்றவருக்கு லயத்தில் ஒரு அறை கிடைத்தது.

அதற்குப் பிறகு எல்லாமே அந்த வேலியிலிருந்துதான் பிரிந்தது. அவர்களுக்குச் சர்ச் இருந்தது. சர்ச்சுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. நிலத்தை வைத்துச் சொசைட்டியில் கடன் எடுத்தார்கள். சேச்சியின் மூத்த மகளும் நானும் ஒரே வயது, ஒரே ஓடையில் தவளை பிடித்தவர்கள். அவள் நர்சிங் படித்து வெளிநாட்டில் இருக்கிறாள். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பத்தாவதுக்கு மேல் தமிழில் படிக்க மலையில் வழியில்லை, போடிக்கு அனுப்ப ஆளில்லை, படிப்பு நின்றது. அங்கே எங்களைப் பாண்டிக்காரர்கள் என்பார்கள். போடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தால் இங்கே மலைக்காரி என்கிறார்கள்.

இதைப் பேச ஆரம்பித்தால் ஸ்டோரில் யாராவது ஒருத்தி, "அவுக உழைப்பாளிங்கடி" என்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சேச்சி வீட்டார் உழைத்தார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் அம்மா நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் குனிந்து காய் எடுத்தாளே, அது என்ன ஊஞ்சல் ஆடியதா?

எது எப்படியோ, அன்றைக்கு எனக்குத் தர்க்கம் பேச நேரமில்லை. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஜீப்பு நிற்கும் இடத்துக்கு ஓடினேன். மேலே போகிற ஜீப்புகளே இல்லை. எல்லாம் கீழேதான் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு அண்ணன், அவருடைய அக்காவும் மேலே இருந்ததால், போவதாக நின்றார்.

"அண்ணே, நானும் வர்றேன்."

"ரோடு இருக்கான்னே தெரியலத்தா. பாதியில நின்னா என்னையக் கேக்கப்படாது."

"நடந்துக்கிறேன்ணே. வெரசாப் போங்க."

பாதி மலைவரைக்கும் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதற்கு மேல் மேகத்துக்குள் நுழைந்தோம். போடிமெட்டு செக்போஸ்டில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அண்ணன் மலையாளத்தில் கெஞ்சியதும் எப்படியோ விட்டுவிட்டார். அதைத் தாண்டியதும் மழை வானத்திலிருந்து விழுவதாகவே தெரியவில்லை. நாலா பக்கமும் தண்ணீர்தான். ஒரு வளைவில் பாறாங்கற்கள் உருண்டு கிடந்தன. நான் இறங்கி முன்னால் நடக்க, ஜீப்பு என் பின்னால் ஊர்ந்து வந்தது. மேலே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன், பார்த்துக்கொண்டே நடந்தேன். சாமி பேர் ஒன்றுகூட வாயில் வரவில்லை. 'எம்புள்ளைக, எம்புள்ளைக' என்றுதான் முனகிக்கொண்டு போனேன்.

லயம் நின்றது. அதைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையாக ஆறு அறை. ஐந்தில் ஆளில்லை. வேலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் அறையை யாரும் எடுக்கமாட்டார்கள், பேர் வேலையில் இருக்கிறது. ஆறாவது கூரைக்கு மேல் மட்டும் புகை போய்க்கொண்டிருந்தது.

மேலே சேச்சி வீட்டைப் பார்த்தேன். பின்னால் கருங்கல்லில் ஆள் உயரத்துக்குக் கட்டுச் சுவர், தண்ணீர் வடியக் குழாய், முன்கதவில் பெரிய பூட்டு. பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் வெட்டிவிட்ட வெறும் மண்தான் இருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த பொறாமை, அவள் மகள் பிளேன் ஏறிய அன்றைக்குக்கூட வந்ததில்லை.

உள்ளே அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்படியின் பின்சுவர் அடியிலிருந்து செந்தண்ணீர் ஒழுகி வாசல்வரைக்கும் வந்திருந்தது. பாத்திரங்களை எல்லாம் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

"யம்மா, கெளம்பு."

"வந்துட்டியா? இந்த மழையில எதுக்கு வந்த? உக்காரு, காப்பி போடுறேன்."

"காப்பியும் வேணாம், ஒண்ணும் வேணாம். சுவத்தைப் பாரு, ஊறிப்போயி நிக்குது!"

"வருசா வருசம் ஊறுறதுதான். ரெண்டு நாள்ல வத்திரும். நான் போனேன்னா பூட்டிருவாங்கெ. பூட்டுனா எங்குட்டுப் போக?"

"எங்கூட வந்து இரு."

"உங்கூடவா? ஒரு ரூம்பு வீட்டுல, ஒம் மாமியாகாரி காலடியிலயா? ஒங்கப்பன் செத்த வீடு இது. நான் பிச்சை எடுத்தாலும் இங்ஙன இருந்து எடுப்பேன்."

கத்தினேன். அழுதேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பின்சுவரிலிருந்து பூச்சு ஒரு பெரிய பாளமாகப் பெயர்ந்து அடுப்பில் விழுந்தது. நெருப்பு அணைந்து அறை முழுக்கச் சாம்பல். சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஓசை கேட்டது, யாரோ பல்லைக் கடிப்பது போல. அம்மாவோ குனிந்து தீப்பெட்டியைத் தேடினாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அந்தச் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சரி. நானும் இங்கயே இருக்கேன். போனை எடுத்து எம்புள்ளைககிட்ட நீயே சொல்லிரு, ஒங்க ஆத்தா வர மாட்டான்னு."

அம்மா என்னை முறைத்தாள். "இந்தக் கழுத எப்பவும் இப்படித்தான்" என்றாள். சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். போகும்போதும் காய்ந்த விறகாகத் தேடி எடுத்து அடுப்பை மறுபடி மூட்டினாள். கதவைப் பூட்டவில்லை, சும்மா சாத்தினாள். கொடியில் ஒரு சேலையைத் தொங்கவிட்டாள். இவ்வளவுக்கும் நான் வாசலில் நின்று, சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, 'வாம்மா, வாம்மா' என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லயம் விழவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு ஓடுகூட விழவில்லை. மழை விட்டு, முகாமிலிருந்து நாங்கள் திரும்பியபோது ஆறாவது அறையில் புதுப் பூட்டு தொங்கியது. ஆபத்தான கட்டடம், உங்கள் நல்லதுக்குத்தான் என்று சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மற்ற ஐந்து வீட்டாருக்கும் வேறு லயத்தில் இடம் கொடுத்தார்கள். அம்மாவின் பேர்தான் வேலையில் இல்லையே. எஸ்டேட்காரர்கள் வெளியே தூக்கி வைத்த சாமான்களை எடுத்துத் தன் வீட்டு வராந்தாவில் அடுக்கி வைத்திருந்தது, எங்களுக்கு முன்னே திரும்பியிருந்த சேச்சிதான். அவள் வீட்டிலும் ஒரு விரிசல். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், அவள் கட்டுச் சுவரை இன்னும் உயர்த்தினாள், வழக்கம்போல் குடியிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது பொய் அழுகை இல்லை.

அம்மா என்னோடு போடிக்கு வந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெயில் காய்கிற தெருவில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் மட்டும், "லயம் நிக்குதாமில்ல?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இப்போது கேட்டாலும் நான் அவளை இழுத்துக்கொண்டுதான் வருவேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு மலையில் இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் அந்த லயம் இடிந்து விழட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஓடு, சுவர், அடுப்பு எல்லாம் மண்ணோடு மண்ணாகப் போய், 'பாத்தியாம்மா' என்று நான் சொல்லவேண்டும். வாய்விட்டு வேண்டிக்கூட இருக்கிறேன்.

போன மாசி மாதம் சேச்சி வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று அழைத்திருந்தார்கள். போனேன். மேட்டிலிருந்து கீழே பார்த்தால், எங்கள் அறை திறந்திருக்கிறது. கொடியில் சின்னச் சின்னச் சட்டைகள். இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண், இருபது வயதுகூட இருக்காது, வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். வடக்கே ஜார்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்குப் புதிதாகக் கொண்டுவந்தவர்களாம். ஆபத்தான கட்டடத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். பின்னால் மண் அப்படியேதான் இருந்தது. நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த நிமிசம் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பூட்டிய அறையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கோபப்படுவாள் என நினைத்தேன். "கைப்புள்ளையா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த வருசமும் ஆடி பிறந்துவிட்டது. நேற்று மலை கண்ணுக்கே தெரியவில்லை, அத்தனை மேகம். ஸ்டோரில் இருப்புக்கொள்ளாமல் பாதியில் வீட்டுக்கு வந்து, சேச்சிக்குப் போன் போட்டேன்.

"சேச்சி, லயத்துப் பக்கம் மண்ணு எதுவும் சரியலையே?"

"சரியலை. மைக்கு வச்சுச் சொல்லிட்டுப் போயாச்சு. நாங்க எறங்கப் போறோம். எடி, உன் அம்மை இப்ப உன்கூட அல்லே இருக்கு? பின்னே நீ எதுக்குப் பேடிக்கிற?"

"பயமாத்தான் இருக்கு சேச்சி. அங்ஙன ஒரு பிள்ளைக்காரி இருக்காளே."

மழை இரைச்சல் மட்டும் கேட்டது. "நானே போயி விளிச்சேன்" என்றாள். "எறங்குனா ரூம்பைப் பூட்டிருவாங்கன்னு பேடிச்சுக் கதவைச் சாத்திக்கிட்டா."

போனை வைத்தேன். அம்மா அதற்குள் எழுந்து என் எதிரில் வந்து நின்றிருந்தாள்.

"அந்தப் புள்ள எறங்கிருச்சா?"

"எறங்கலம்மா" என்றேன்.