பிச்சைக்கனியின் மூன்று வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பிரேமா மதினி போன் செய்தார். "சுஜின், அவுக போயிட்டாக" என்றார். நெஞ்சுவலியாம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவர் கணவர் பிச்சைக்கனி அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. அண்ணனின் அப்பா வள்ளியூரிலிருந்து கட்டட வேலைக்குத் திருவனந்தபுரம் வந்தவர். தம்பானூரில் எங்கள் சிறிய மென்பொருள் கம்பெனியில் அண்ணன் டெஸ்டர், நான் புரோகிராமர்.

சில ஆண்டுகளுக்கு முன் கோயில்களுக்காக ஒரு செயலி செய்தோம். இறந்த நாளைக் கொடுத்தால், ஒவ்வோர் ஆண்டும் சிராத்தம் வரும் தேதியைச் சொல்லிக் கோயிலில் பதிவு செய்யும். ஒவ்வொரு சிறு கணக்கையும் தனியே சோதிக்க இருநூறு யூனிட் டெஸ்ட் எழுதியிருந்தேன். எல்லாம் பச்சை, அதாவது பாஸ். மறுநாள் வெளியீடு.

அண்ணன் வழி வேறு. செயலியைப் பயன்படுத்தப்போகிறவர்கள் சொல்வதை மூன்று வரியில் எழுதுவார்: இது இருந்தால், இதைச் செய்தால், இது நடக்க வேண்டும். வாசித்துக் காட்டி, அவர்கள் தலையாட்டினால்தான் அது டெஸ்ட். கம்ப்யூட்டர் அதை அப்படியே ஓட்டிப் பார்க்கும்.

அன்று கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில், அப்பாவுக்குச் சிராத்தம் செய்யும் சாவித்ரி மாமியிடம் அண்ணன் மூன்று வரியை வாசித்தார். மாமி தலையாட்டவில்லை.

"நட்சத்திரமா? எங்காத்துல திதியாக்கும் பாக்கறது. அப்பாவுக்கு நாள் தப்பிப் பண்ணச் சொல்றேளா?"

நான் பார்த்து வளர்ந்த மலையாளி வீடுகளில் நட்சத்திரம்தான்; என் கணக்கையும் அப்படியே போட்டிருந்தேன். வேறு வழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"என் டெஸ்ட் எல்லாம் பாஸ் அண்ணே" என்றேன்.

"பாஸ்தாம்டே. தப்பான கணக்கைச் சரியாப் போட்டிருக்கே, கேட்டோ."

முதலாளி ஸ்ரீனிவாசன் சாரிடம் அண்ணன் வெளியீட்டை நிறுத்தச் சொன்னார்.

"எல்லாம் பச்சைன்னு சுஜின் சொல்றானே?"

"மாமி வரி சிவப்பு சார். இந்த நாள் தப்பினா அவங்களுக்கு அடுத்த வருஷம்தான்."

பத்து நாள் தள்ளிப்போனது. "தப்புன்னு மாமி வரி சொல்லும். எங்கேன்னு உன் டெஸ்ட்தான் சொல்லணும்" என்று அண்ணன் என்னை உட்காரவைத்தார். இறந்த நேரத்துத் திதி, வளர்பிறையா தேய்பிறையா, பிற்பகலில் நிற்கும் திதி எது என்று முப்பது சிறு டெஸ்ட் எழுதினேன். கடைசி டெஸ்ட் பச்சையானபோது மாமி வரியும் பச்சையானது.

மூன்று வருடமாகிறது. எங்கள் செயலியை நம்பி ஒரு குடும்பமும் தவறான நாளில் வந்து நின்றதில்லை. "அந்தப் பிள்ளை என்னண்ட கேட்டுண்டுதான் எழுதித்து" என்று மாமி இன்றும் தெருவில் சொல்கிறார்.

போவதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை மாலை, அண்ணன் புது டெஸ்டுக்கு ஒரு தலைப்பு எழுதியிருக்கிறார்: 'ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இருமுறை வந்தால்'. அதன் கீழே மூன்று வரிகளும் காலி.