அடுப்பு சுட்டதற்கு ஒரு பதக்கம்

நான் லீலண்ட் குபிசெக். நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் எல்லையில் மாட்டுத் தீவனக் கடை வைத்து முப்பத்தாறு வருடம் ஓட்டினேன். அதற்கு முன் வியட்நாம் போருக்குப் போனேன். அங்கே நான் செய்த வீரச்செயல், தினமும் ஆயிரத்து இருநூறு பேருக்கு ரொட்டி சுட்டது. வேறு ஒன்றும் இல்லை.

1969 ஆகஸ்டில் ஒருநாள், லவங்கப்பட்டை ரொட்டித் தட்டை வெளியே இழுக்கும்போது கால் வழுக்கி, என் இடது முன்கை அடுப்புக் கதவில் பதிந்தது. வழுக்கியது தரையில் கிடந்த வெண்ணெயில். வெண்ணெயைக் கொட்டியதும் நான்தான். படை மருத்துவமனையில் ஐந்து நாள் படுத்திருந்தேன். அதே வாரம் அதே மருத்துவமனைக்கு லாரன்ஸ் குபிசெக் என்று இன்னொருவர், காலில் குண்டுச் சிதறல்களோடு வந்திருக்கிறார். அங்கே அவரை நான் பார்த்ததுகூட இல்லை. நோயாளிப் பட்டியலில் இரண்டு பேருமே "எல். குபிசெக்". ஏதோ ஓர் எழுத்தர் ஒருவருடைய காயத்தை இன்னொருவருடைய கோப்பில் ஏற்றிவிட்டார்.

படையிலிருந்து விடுவித்த நாளில் என் கையில் ஒரு தாளும் சின்னப் பெட்டியும் கொடுத்தார்கள். பெட்டிக்குள், எதிரியால் காயம்பட்டவர்களுக்கு மட்டும் தரும் ஊதாநிறப் பதக்கம்.

"சார், இது எனக்கில்லைன்னு நினைக்கறேன்" என்றேன்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைப் பார்த்தார். "பேர் உன்னுதுதானே?"

"ஆமா சார், ஆனா..."

"அப்ப உன்னுதுதான். அடுத்த ஆள் வாங்க."

அந்த "ஆனா"வைத்தான் என் நேர்மைக்குச் சாட்சியாக நாற்பத்தேழு வருடம் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்தால் அப்பா அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முடிவெட்டும் கடை, தானியக் கிடங்கு, தேவாலய வாசல் என்று எல்லா இடத்திலும் காட்டினார். அதற்குமுன் என்னைப்பற்றி அவர் ஊரில் சொல்லியிருந்த ஒரே செய்தி, நான் டிராக்டரைக் குளத்துக்குள் இறக்கியது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே நினைத்தேன். பிறகு ஒவ்வொரு மே மாதமும் போர்வீரர் நினைவு நாள் ஊர்வலத்தில் திறந்த காரில் முன்னால் உட்கார வைத்தார்கள். குளிரடித்தாலும் இடது கைச் சட்டையை மட்டும் முழங்கைவரை மடித்துவிட்டுக்கொள்வேன். யாரும் மடிக்கச் சொன்னதில்லை.

உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி ஆர்லீன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் "தளபதி, குப்பையக் கொண்டு வெளிய வை" என்பாள்.

2016 வசந்தத்தில் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"லீலண்ட் குபிசெக்குங்களா? என் பேரு டெனீஸ், தெற்கு டகோட்டாவிலேர்ந்து பேசறேன். எங்கப்பா லாரன்ஸ் குபிசெக். அவருக்கு வரவேண்டிய பதக்கத்துக்காக நாலு வருஷமா எழுதிக்கிட்டிருக்கேங்க. அந்தக் காயம் ஏற்கெனவே வேற ஒரு குபிசெக் பேர்ல பதிவாயிருக்குன்னு திருப்பி அனுப்பிடறாங்க. அதான் அந்தப் பேர்ல இருக்கறவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். உங்களுக்கு எதாவது தெரியுமா?"

"தெரியாதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆர்லீன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "யாரு?"

"யாரோ. தப்பான நம்பர்."

"தப்பான நம்பர்கிட்டயா இவ்வளவு நேரம் காதக் குடுத்துக்கிட்டு நின்ன? உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "இத்தன வருஷமும் அத ஒரு எழுத்துப் பிழைன்னுதான் நெனச்சிருந்தேன் லீலண்ட். அதுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் நிக்கறான்னு தெரியாது. இனி உன்னத் தளபதின்னு கூப்பிட மாட்டேன்." அது எனக்குச் சுட்ட அளவுக்கு அந்த அடுப்பு சுடவில்லை. மறுநாள் காலை டெனீஸைக் கூப்பிட்டு, தெரியும் என்றேன்.

எங்கள் மாவட்டத்தில் முன்னாள் வீரர்களுக்குப் படிவம் எழுதிக்கொடுக்கும் அலுவலர் மார்லிஸ் டோமன். அவளிடம் போய், ஆவணத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்றேன்.

"எதை விட்டுட்டாங்க?" என்று பேனாவைத் திறந்தாள்.

"எதையும் விடல. ஒண்ணு கூடுதலா இருக்கு. எடுக்கணும்."

பேனாவை மூடினாள். "பதினெட்டு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். குடுங்கன்னு கேக்கத்தான் எல்லாரும் வருவாங்க. எடுத்துக்கோங்கன்னு வந்த மொத ஆளு நீங்கதான். 'உங்களுக்கு நேர்ந்த அநீதி என்ன?'ன்னு இங்க ஒரு கேள்வி இருக்கு. என்ன எழுதட்டும்?"

"எனக்கு ரொம்ப நல்லா நடந்துடுச்சுன்னு எழுதுங்க."

சாட்சி வேண்டும் என்றாள். என்னோடு ரொட்டி சுட்ட ஓடிஸ் பெட்வேயை மிசௌரியில் தேடிப் பிடித்தேன். விஷயத்தைக் கேட்டதும் தொலைபேசியிலேயே இருமும் அளவுக்குச் சிரித்தான்.

"எழுதித் தரேன்டா. ஆனா முழுசா எழுதுவேன். நீ விழுந்தப்போ என்ன சத்தம் போட்டன்னும் எழுதுவேன்."

எழுதினான். "பன்றிக்குட்டி போலக் கத்தினார்" என்ற வரி இப்போது அரசாங்கக் கோப்பில் இருக்கிறது.

பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் விண்ணப்பத்தைக் கவனமாக ஆராய்ந்ததாகவும், நான் இரண்டாம் முறை காயமடைந்தது விடுபட்டுப்போனதற்கு வருந்துவதாகவும், அதே பதக்கத்தை இரண்டாவது தடவையாக எனக்கு வழங்குவதாகவும் எழுதியிருந்தது. மார்லிஸ் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, மேசைமேல் தலையை வைத்துச் சிரித்தாள்.

"மறுபடி எழுதினா மூணாவது குடுத்துடுவாங்களோ?" என்றேன்.

"இந்தத் தடவ அடுப்புன்னு பெரிய எழுத்துல போடறேன்."

போட்டாள். லாரன்ஸின் விண்ணப்பத்தையும் என்னுடையதையும் சேர்த்து ஒரே உறையில் அனுப்பினாள். அடுத்த ஆண்டு கோடையில் இருவருக்கும் திருத்திய தாள்கள் வந்தன. என்னுடையதில் பணி என்ற இடத்தில் "ரொட்டி சுடுபவர்" என்று இருந்தது. காயம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

ஊரில் சொல்லவேண்டிய வேலை பாக்கி. எங்கள் முன்னாள் வீரர் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். பதினோரு பேர் இருந்தார்கள். தலைவர் ராட்னி என் கையைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப அந்தத் தழும்பு?"

"அடுப்பு."

"என்ன சுட்டுக்கிட்டிருந்த?"

"லவங்கப்பட்டை ரொட்டி."

இரண்டு பேர் சிரித்தார்கள். மெர்ல் ஸ்டாசெக் சிரிக்கவில்லை. அவனுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. ஒவ்வொரு ஊர்வலத்திலும் என் காருக்குப் பின்னால் நடந்து வந்தவன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. நானும் அவனிடம் போய் எதையும் விளக்கவில்லை. விளக்க என்ன இருக்கிறது?

செப்டம்பரில் பதக்கப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆர்லீனோடு தெற்கு டகோட்டாவுக்குப் போனேன். அரசாங்கம் லாரன்ஸுக்குப் புதுப் பதக்கம் அனுப்பியிருந்தது. ஆனாலும் இதை என் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. கதவைத் திறந்தது டெனீஸ். கைகுலுக்கினாள், சிரிக்கவில்லை. லாரன்ஸ் சமையலறையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றால் என்னைவிட ஒரு சாண் உயரம் இருப்பார். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"நல்லாத்தான் வச்சிருந்திருக்க" என்றார்.

"தொடச்சு வைப்பேன்."

"ஊர்வலத்துல ஜனங்க கை தட்டுவாங்களா?"

"தட்டுவாங்க."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். "நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். "எனக்கும் நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது சரி என்பதா, சரியில்லை என்பதா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு ஊன்றுகோலை எடுத்தார். "தீவனக் கடை வச்சிருந்தியாமே. என் கிடேரி ஒண்ணு நாலு நாளா சரியாத் திங்க மாட்டேங்குது. வந்து பாரு."

தொழுவத்துக்கு நடந்தோம். வலது காலை இழுத்து இழுத்துத்தான் அவரால் நடக்க முடிந்தது. கிடேரியின் வாயைப் பார்த்து, பல் இடுக்கில் சிக்கியிருந்த குச்சியை எடுத்தேன். அது என் சட்டைமேல் தும்மியது. லாரன்ஸ் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.