பட்டுக்கடைக்குப் போன என் பாட்டு

மேடையை விட்டு இறங்கினால் யாராவது ஒருவர் வந்து, "நல்லா பாடினீங்க, எந்தப் படத்துல வருது இது?" என்று கேட்பார். நானே எழுதியது, மெட்டும் நானே போட்டது என்று சொன்னதும் முகம் தொங்கிவிடும். கலப்படம் விற்றுப் பிடிபட்டவளைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். நம் ஊரில் பாட்டு என்றால் சினிமாவில் வரவேண்டும், இல்லாவிட்டால் சாமியைப் பற்றி இருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் ஒருத்தி கிடாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றால், இவளுக்கு வீட்டில் வேலை இல்லையா என்று நினைக்கிறார்கள். இத்தனை வருஷம் பாடியும் இந்த எரிச்சல் எனக்குக் குறையவில்லை. குறையவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதைவிடப் பெரிய கோபத்தைப் பற்றி.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் ஒரு லைட் மியூசிக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் கூழ் ஊற்றும் அம்மன் கோயில்கள், கல்யாண வரவேற்புகள், மாகறல் பக்கத்துத் திருவிழாக்கள் எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டுத்தான். என் சொந்தப் பாட்டு ஒன்றைப் பாடட்டுமா என்று குழுத் தலைவரைக் கேட்டேன். "ஜனங்க எழுந்து பூடுவாங்கமா. மைக் செட்டு கழட்டறப்போ வேணும்னா பாடிக்க," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருமுறை அப்படியே பாடினேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் மட்டும் கேட்டார், அவரும் பாதியில் பீடி பற்றவைக்கப் போய்விட்டார். குழுவின் கிடார்க்காரர் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பும்போது தன் பழைய கிடாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டுதான் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கரண்டு ஆபீசில் வேலை. கரண்டு போனால் தெருவே வந்து அவரைத் திட்டும். அந்த இருட்டில் நான் கிடாரை எடுத்தால், இது வேறயா என்று அவர் என்னைத் திட்டுவார்.

என் அக்காவைத் தாமலில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். ஏரிப் பாசன நிலம், சொந்த டிராக்டர், கட்சியில் செல்வாக்கு. ஜாதகம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. மாப்பிள்ளை அடிப்பான் என்பது மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா ஒயர்கூடையோடு வந்து நின்றாள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கன்றிப்போயிருந்தது. அம்மா அழுதாள், ஒத்தடம் கொடுத்தாள், சோறு போட்டாள். எல்லாம் செய்துவிட்டு, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போம்மா, எல்லாம் சரியாயிடும்," என்றாள்.

"நான் போக மாட்டேன்," என்றாள் அக்கா.

அவள் வாயிலிருந்து 'மாட்டேன்' என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. படிப்பை நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினாள். மாப்பிள்ளை போட்டோவைக் காட்டியபோது தலையாட்டினாள். கடையில் எந்தத் துணியை எடுத்துக் கொடுத்தாலும் நல்லா இருக்குது என்று சொல்கிறவள். அப்படிப்பட்டவள் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், அதைச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வாரமே அதைப் பாட்டாக எழுதிவிட்டேன்.

பஸ்ஸு வந்து நிக்குது, நான் போக மாட்டேன்
பந்தல் போட்டுக் கூப்பிட்டாலும் போக மாட்டேன்
பூவு வாங்கித் தந்தாலும் போக மாட்டேன்
புள்ளையாரே சொன்னாலும் போக மாட்டேன்

மெட்டு சுலபமானது. ஒருதடவை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அக்காவுக்குப் பாடிக் காட்டினேன். "நல்லா இருக்குதுடி," என்றாள். வழக்கமாகச் சொல்கிற 'நல்லா இருக்குது' இல்லை அது. திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய ஒரே அறை. ஊரில் ஆட்டோ விளம்பரம், பக்திக் கேசட், கட்சிப் பாட்டு எல்லாம் அங்கேதான் பதிவாகும். ஒரே கீபோர்டுக்காரர் தபேலா முதல் நாதஸ்வரம் வரை எல்லாவற்றையும் விரலாலேயே வாசித்துவிடுவார். அந்த வாத்தியப் பதிவுக்கு டிராக் என்று பெயர். அதன்மேல் நாம் பாடவேண்டும். அந்தப் பாட்டையும் சேர்த்து நான்கு பாட்டு பாடி ஒரு கேசட் போட்டுக்கொண்டேன். காலேஜ் காலேஜாகப் போய்க் கொடுக்கலாம், யாராவது கூப்பிடுவார்கள் என்று கனவு. டிராக் ஸ்டூடியோவுக்குத்தான் சொந்தம் என்பது அங்கே எழுதாத சட்டம். ஆடியில் அம்மன் பாட்டாக வந்த டிராக் கார்த்திகையில் ஐயப்பன் பாட்டாக வரும். சாமிகளே சண்டை போடாதபோது யார் கேட்கப்போகிறார்கள்?

தை பிறந்ததும் முகூர்த்தப் பட்டு எடுக்க வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கியது. நானும் அக்காவும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். தெருமுனையில் ஒரு ஆட்டோ ஸ்பீக்கரில் என் பாட்டின் முன்னிசை கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் குதித்தேன். யாரோ என் கேசட்டை வாங்கிப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு வேறொரு பெண்ணின் குரல் ஆரம்பித்தது.

பட்டு எடுக்காம வூட்டுக்கு நான் போக மாட்டேன்
மாமியாரு கூப்பிட்டாலும் போக மாட்டேன்
மாம்பழக் கலர் எடுக்காம போக மாட்டேன்
மாப்பிள்ளையே சொன்னாலும் போக மாட்டேன்

பின்னாலேயே ஒரு ஆள், "வாங்கம்மா வாங்க, அசல் பட்டு, அசல் ஜரிகை!" என்று கத்தினான். அக்கா பிழிந்துகொண்டிருந்த புடவையை அப்படியே வாளியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நான் போட்டிருந்த பழைய செருப்போடு நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகொடுத்தார். "உன் பாட்ட ஊரே பாடுதும்மா! கேட்டியா?"

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"என்னாத்த எடுத்தேன்? உன் கொரல எடுத்தனா? நீ எழுதுனத எடுத்தனா? டிராக் எங்குளுதும்மா. 'போக மாட்டேன்' ஊர்ல எல்லாரும் பேசற பேச்சுதான, அதுக்குமா உனுக்குப் பட்டா போட்டுக் குடுத்துருக்காங்க?"

"மெட்டு என்னுது."

"மெட்டுல என்னாமா இருக்குது? ஆடிக்கு இதே டிராக்ல அம்மன் பாட்டு போடப்போறோம். நீயே வந்து பாடேன்."

இந்த மனிதருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்று உண்மையாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. தெரிந்து திருடுகிறவனையாவது திருடா என்று கூப்பிடலாம்.

விளம்பரம் கொடுத்த பட்டுக்கடைக்குப் போனேன். வாசலிலேயே மடக்கி உட்காரவைத்து, கூல்டிரிங்க்ஸ் வரவழைத்து, "யாருக்கும்மா கல்யாணம், உங்குளுக்கா?" என்றார்கள். இந்தப் பாட்டு என்னுடையது என்றேன். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக, "ரொம்ப நல்லா இருக்குதும்மா! குழந்தைங்கல்லாம் பாடிக்கினேதான் உள்ள வருதுங்க," என்றார். ஒரு வெளியூர்க் குடும்பம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குடும்பத்துச் சின்னப்பெண் உடனே பாட ஆரம்பித்தது. நான் கூல்டிரிங்க்ஸைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

கேபிள் டிவியில் மத்தியானப் படத்துக்கு நடுவே அந்த விளம்பரம் வந்தது. ஒரு பெண் கல்யாண மண்டபத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று சிணுங்குவாள். மாப்பிள்ளை பட்டுப்புடவைப் பெட்டியைக் காட்டியதும் துள்ளிக்கொண்டு அவன் பின்னால் ஓடுவாள். என் அக்கா எங்கிருந்து வந்தாளோ அங்கேயே அவளைத் துள்ளிக்கொண்டு ஓடவைத்துவிட்டார்கள்.

ஒரு காலேஜ் விழாவில் என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். எவ்வளவு நாள் காத்திருந்த மேடை! முதல் வரி பாடினேன். இரண்டாவது வரிக்குள் அரங்கம் முழுக்கக் கைதட்டிக்கொண்டு 'மாம்பழக் கலர்' என்று பாட ஆரம்பித்துவிட்டது. நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், இன்னும் சத்தமாகப் பாடினார்கள். பிறகு ஒரு பேராசிரியை வந்து, விளம்பரப் பாட்டைக் காப்பியடிக்காமல் சொந்தமாக எழுதக் கற்றுக்கொள் என்று எனக்கு அறிவுரை சொன்னார். அவர் கையிலிருந்த பூங்கொத்தைப் பிடுங்கி எறிந்திருக்கவேண்டும். "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

இதெல்லாம் என் தொழில், என் மானம். போகட்டும். அடுத்து நடந்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

மாசி மாதம் தாமலிலிருந்து அக்காவைக் கூட்டிப்போக வந்தார்கள். மாப்பிள்ளை, மாமியார், சின்ன மாமனார். சின்ன மாமனார் கட்சிக்காரர், பத்துப் பஞ்சாயத்து பார்த்தவர். தட்டில் பழம், பூ, வெற்றிலை. அப்பா நாற்காலி போட்டார். அம்மா காபி கலந்தாள். புருஷன் பெண்டாட்டி என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று ஆரம்பித்து, ஊர் நியாயம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, சின்ன மாமனார் அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ என்னாம்மா சொல்ற?"

அக்கா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். அம்மாவிடம் சொன்ன அதே குரலில், "நான் போக மாட்டேன்," என்றாள்.

சின்ன மாமனாரின் மீசைக்குள் சிரிப்பு துடித்தது. "பட்டு எடுக்காம..." என்று ராகத்தோடு எடுத்துக்கொடுத்தார். அவ்வளவுதான், வீடே சிரித்தது. மாமியார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். என் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் அப்பா, பெற்ற அப்பா, சிரித்தார். வந்ததிலிருந்து இறுக்கமாக உட்கார்ந்திருந்தவருக்கு அப்பாடா என்று இருந்திருக்கும். எனக்கு அந்தச் சமாதானமெல்லாம் வேண்டாம். நான் அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை.

"அதுக்கென்னா, எடுத்துட்டாப் போச்சு," என்றாள் மாமியார்.

"அது பாட்டு இல்ல! அவ நெஜமா சொல்றா!" என்று நான் கத்தினேன்.

"நீ சும்மா இரும்மா, உன் பாட்டுதான அது," என்றார் அப்பா. சின்ன மாமனார் நல்ல நாள் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை புடவையோடு வந்து அழைத்துப்போவது என்று முடிவானது. அக்காவை யாரும் மறுபடி கேட்கவில்லை. அவள்தான் வாய் திறந்து பட்டு கேட்டுவிட்டாளே!

அந்த வாரம் முழுக்க நான் அம்மா அப்பாவோடு பேசவில்லை. அக்கா மட்டும் அமைதியாக இருந்தாள். ஒருநாள் பூக்கட்டிக்கொண்டே, "இனிமே அதச் சொன்னா சிரிப்பாங்கடி. வேற ஏதாச்சும்தான் சொல்லணும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். பழத்தட்டு, கூடவே அதே பட்டுக்கடையின் பை. உள்ளே மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். மாமியார் அதைப் பிரித்து அக்கா தோளில் வைத்துப் பார்த்து, "கட்டிக்கினு வாம்மா, நேரம் ஆவுது," என்றாள். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தோடு நின்ற பெண்கள் திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா புடவையை மடித்து மாமியாரின் மடியில் வைத்தாள்.

"அத்த, உங்க புள்ள என்ன பெல்ட்டால அடிச்சாரு. முழுகாம இருக்கறேன்னு தெரிஞ்சுதான் வயித்துல ஒதைச்சாரு. அது கலைஞ்சிடுச்சு. வழுக்கி வுழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரில சொல்லுன்னு நீங்கதான் சொன்னீங்க, நானும் சொன்னேன். திரும்ப வந்தா என்னக் கொன்னுடுவாரு. இனிமே என்னக் கூப்பிட வராதீங்க."

குழந்தை கலைந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் அதை நகர்த்தவில்லை. சின்ன மாமனார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பா எழுந்து பழத்தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கொடுத்த வேகத்தில் ஒரு சாத்துக்குடி உருண்டு கதவுக்கு வெளியே போனது. "கெளம்புங்க," என்றார்.

அவர்கள் போன பிறகு நான் சமையற்கட்டுக்குப் போனேன். அக்கா அடுப்பின் முன்னால் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய்த் தொட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதயும் பாட்டு கீட்டுன்னு எழுதி வெச்சிடாதடி," என்றாள்.

எழுதவில்லை. இதை எழுதுவதற்கும் அவளிடம் கேட்டேன். பாடமுடியாதபடி எழுது என்றாள்.